கிணற்றடிப் பாசி

ஆர்.கே.பேட்டை,
மார்கழி 9.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். பனி இறங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு காலை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறாள். உனக்கு நைட் ஷிப்ட் இந்த வாரத்தோடு முடிகிறதா? பகலில் தூக்கம் வருகிறதா? போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்க்கா" என்று ஒரே பதில் சொல்கிறாய். இந்த முறை கடிதமாக எழுதுகிறேன், நீயும் இரண்டு வரி எழுது.

கடிதத்தோடு பழைய செய்தித்தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். பிரித்தால் டீத்தூள் மாதிரி, பழுப்பும் கரும்பச்சையும் கலந்து உதிரும். தயவுசெய்து குப்பைத் தொட்டியில் கொட்டிவிடாதே. மேலே படிப்பதற்கு முன்னால் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு.

விட்டாயா? இப்போது பார். பாயைச் சுருட்டி வைத்த மாதிரி உள்பக்கமாகச் சுருண்டு கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக விரிந்திருக்கும். பழுப்பு போய்ப் பச்சை வந்திருக்கும். இரண்டு மாதமாக என் மேஜை டிராயரில் சொட்டு ஈரமில்லாமல் கிடந்தது அது. அடையாளம் தெரிகிறதா? நம் கிணற்றடிப் பாசிதான். மூன்றாவது படிக்கும்போது கிணற்றுச் சுவரில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து நிற்பாயே, "வெல்வெட்டுக்கா" என்பாயே, அதே பாசி.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தை பிறந்ததும் பின்கட்டை இடித்துக் கட்டுவது உறுதியாகிவிட்டது. மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போனார். கிணற்றை மூடிவிட்டு அதன் மேலேயே தண்ணீர்த் தொட்டி கட்டிவிடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, மாடித் தண்ணீர் முழுவதையும் குழாய் போட்டு அந்தக் கிணற்றில்தானே அப்பா இறக்கினார். ஐப்பசி, கார்த்திகையில் அதில் இன்றைக்கும் தண்ணீர் தெரிகிறது. கடைசியில் மேஸ்திரி ஒப்புக்கொண்டார். கிணறு இருக்கும். ஆனால் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய சுவர் நாலு இடத்தில் வாய் பிளந்துவிட்டது. அதைப் பெயர்த்துவிட்டு சிமெண்டு உறை இறக்கப் போகிறார்கள். சுவரோடு பாசியும் போய்விடும். அதனால்தான் இந்தப் பொட்டலம்.

அம்மாவிடம் சொன்னேன். "பாசி போனா போகட்டும், எத்தனை தடவை வழுக்கி விழுந்திருக்கேன்" என்றாள். பாவம், அவள் கோபம் நியாயமானது, ஆனால் ஆள் மாறிவிட்டது. அவளை வழுக்கிவிட்டது துணி துவைக்கிற கல்மேல் படியும் வழவழப்பு. அது வேறு இனம், கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசிகள் கூட்டமாகச் சேர்ந்து பிசின் மாதிரி படிவது. சுவரில் இருப்பது தண்டும் இலையும் உள்ள ஒரு செடி. நம் ஊரில் குளத்தில் மிதப்பதும் கல்லில் வழுக்குவதும் சுவரில் மெத்தென்று நிற்பதும் எல்லாம் பாசி என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பசுமையிலிருந்து பிறந்த அழகான சொல்தான், ஆனால் அந்த ஒற்றைச் சொல்லால் சுவர்ச்செடி செய்யாத குற்றத்துக்கு வருஷா வருஷம் தண்டனை வாங்கியது. போகிக்கு முந்தின நாள் அம்மா தேங்காய் நாரும் பழைய கரண்டியும் எடுத்துக்கொண்டு சுரண்டுவாள், மேலே சுண்ணாம்பு அடிப்பாள். அடுத்த ஐப்பசிக்கு அது திரும்ப வந்துவிடும்.

பத்து வருஷமாகப் பதினோராம் வகுப்புக்கு, இந்தச் செடியும் சேர்ந்த பிரையோபைட்டுகள் பாடம் நடத்துகிறேன். தாவர உலகின் நீர்நில வாழ்வன என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, புத்தகத்தில் இருக்கும் ஃபியுனேரியா என்ற பாசியின் படத்தை வரையச் சொல்வேன். நம் வீட்டுச் செடியின் பெயர் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. போன வருஷ மழையில்தான் ஒரு கொத்தை எடுத்துப் போய்ப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கொத்து ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. இலை நாக்குப் போல, நுனிப் பக்கம் கொஞ்சம் அகன்று, கரண்டி வடிவத்தில் இருந்தது. நடுநரம்பு தடித்து நுனி வரை ஓடியது. நுனியோரத்தில் சில பற்கள். காய்ந்தால் இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு குழாயாகிவிடும். வித்துப்பையை இத்தனை நாளில் இரண்டே முறைதான் பார்த்தேன். ஃபியுனேரியாவில் பையின் வாயைச் சுற்றி இரண்டு வரிசைப் பற்கள் இருக்கும், இதற்கு ஒன்றும் இல்லை, வெறும் வாய். நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பெயர் கிடைத்தது: ஹையோஃபைலா இன்வலூட்டா. முதல் சொல்லுக்கு மழையை நேசிப்பது என்று பொருள், இரண்டாவது சொல்லுக்கு உள்ளே சுருண்டது என்று பொருள். வருஷத்தில் எட்டு மாதம் வெயில் அடிக்கும் ஆர்.கே.பேட்டைச் சுவரில் இருக்கும் செடிக்கு மழைநேசி என்று பெயர்! அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அபூர்வமான செடி என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தியச் சமவெளிகளிலும் வெப்ப நாடுகள் பலவற்றிலும் ஈரச் சுவர், பாலத்தின் அடிப்பக்கம், கால்வாய்க் கரை என்று சுண்ணாம்பு உள்ள இடமெல்லாம் வளர்கிறது. அமெரிக்காவில் ஓடைக்கரைச் சுண்ணப் பாறைகளில் இருக்கிறது. நம் கிணற்றுக் காரையில் இருந்த சுண்ணாம்புதான் அதை இங்கே பிடித்து வைத்தது. கிணற்றின் தெற்குச் சுவரில், வடக்குப் பார்த்த முகத்தில் மட்டும் அது அடர்ந்து நின்றதற்கும் காரணம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, அந்த முகத்தில் நேர் வெயில் விழுவதில்லை, ஈரம் தங்குகிறது. நம் மொட்டை மாடிச் சிமெண்டு வெடிப்பில் வெள்ளிச் சரிகை மாதிரி மினுங்குமே, அது இன்னொரு இனம், பிரையம் அர்ஜென்டியம். இலையின் மேல்பாதிச் செல்களில் பச்சையம் இல்லாததால் அந்த வெள்ளி நிறம். அது அண்டார்டிக்காவிலும் இருக்கிறது, நம் மாடியிலும் இருக்கிறது.

இதற்கு வேர் கிடையாது. அடியில் இருக்கும் மெல்லிய வேரிழைகள் சுவரைப் பற்றிக்கொள்வதற்குத்தான். குடிப்பது இலை. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம்தான். தண்ணீர் பட்டால் உடம்பு முழுவதும் குடிக்கும், காற்று காய்ந்தால் உடம்பு முழுவதும் காயும். தண்ணீரைச் சேர்த்து வைக்கும் வித்தை அதற்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, காய்ந்தபின் சாகாமல் இருக்கும் வித்தை தெரியும். சித்திரை, வைகாசியில் நம் கிணற்றுச் சுவர் கருகிப் போனது போலக் கிடக்குமே, அப்போது அது மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறது. ஆடியில் ஒரு சாயங்கால மழை பெய்தால் எழுந்துவிடும். அண்டார்டிக்காவில் சிக்னி தீவில் 1,500 ஆண்டுகளுக்கு மேல் உறைபனிக்குள் புதைந்திருந்த ஒரு பாசியை ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தபோது அது மறுபடியும் துளிர்த்தது என்று 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. வேறு இனம்தான். ஆனால் படித்தபோது நம் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

நம் மாநிலத்தில் இதற்காகவே காலத்தைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள். கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் சேசுசபைத் துறவியாக இருந்த ஜார்ஜ் ஃபோரோ பழனி மலை முழுவதும் பாசி தேடி நடந்தவர். அவர் தொகுத்த பழனி மலைப் பாசிகளின் பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் வந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலைப் பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் பார்த்தது மலையை, மழைக்காட்டை. நம் பக்கத்துச் சமவெளிச் சுவரை, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் வீடுகளின் கிணற்றடியை உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும் என்று எனக்கு ஆசை. அடுத்த வருஷம் என் பிள்ளைகளை வைத்து ஆரம்பிக்கப் போகிறேன். இன்னொன்று, பாசியைச் சேகரிப்பவர்கள் மற்றச் செடிகள் போல அழுத்தி ஒட்டி வைப்பதில்லை, காயவைத்துக் காகித உறையில் மடித்து வைப்பார்கள். உனக்கு வந்திருக்கும் பொட்டலமும் அதே மடிப்புதான்.

இப்போது நீ செய்ய வேண்டியது. விதைநெல்லை ஒரே வீட்டில் வைக்கக் கூடாது, பங்காளி வீட்டில் பாதி இருக்க வேண்டும் என்று தாத்தா சொல்வாரே, அந்தக் கணக்கில்தான் பாதியை உனக்கு அனுப்பியிருக்கிறேன். புதுச் சிமெண்டில் காரத்தன்மை அதிகம், எந்தப் பாசியும் உடனே ஏறாது. சில மழைக்காலம் நனைந்து காரம் இறங்கினால்தான் இடம் கொடுக்கும். அதுவரை இது உயிரோடு இருக்க வேண்டும். உன் அறையில் ஒரு ஜன்னல்தான், அதுவும் வடக்குப் பார்த்தது, எதிரே பக்கத்துக் கட்டடச் சுவர், வாங்கி வைத்த துளசி வெயில் இல்லாமல் போய்விட்டது என்று வருத்தப்பட்டாயே. துளசிக்குப் போதாத அந்த வெளிச்சம் இதற்குத் தாராளம். மாவட்டத்தின் மேற்கு மூலையில் நாங்கள், வடகிழக்கு மூலையில் கடல் பக்கம் கும்மிடிப்பூண்டியில் நீ. உன் பக்கக் காற்றில் ஈரம் இங்கே இருப்பதைவிட அதிகம், அதுவும் நல்லது.

பழைய செங்கல் துண்டு ஒன்று தேடி எடு, அல்லது உடைந்த மண்சட்டி ஓடு. புதிதாகச் சுட்டது வேண்டாம், மழையில் நனைந்து கிடந்ததாக இருக்கட்டும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவை. பொட்டலத்தில் பாதியை மட்டும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கசூரி மேத்தி கசக்குவது போல மெதுவாகக் கசக்கு. செடியைப் பிய்க்கிறோமே என்று பயப்படாதே. பாசியின் இலைத் துணுக்கு ஒன்றிலிருந்துகூட முழுச்செடி வரும். ஈரச் செங்கல்மேல் தூவி, விரலால் அழுத்தி ஒட்டு. அது நகராமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வேரிழை பிடிப்பதற்குள் ஆட்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

செங்கல்லை ஒரு தட்டில் வைத்து, தட்டில் விரல்கடை அளவு தண்ணீர் ஊற்று. செங்கல் அடியிலிருந்து உறிஞ்சி மேலே ஈரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே பிரியாணி டப்பா மூடி ஏதாவது ஒன்றைக் கவிழ்த்து வை, காற்றுப் போக ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விடு. முழுவதும் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் படக் கூடாது, ஆனால் இருட்டிலும் வைக்காதே. புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம் பகலில் இருந்தால் சரி.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம். வேர் இல்லாத செடிக்கு வடிகட்டவும் வழி இல்லை, எது விழுகிறதோ அது நேரே உடம்புக்குள் போகிறது. போர்வெல் தண்ணீர் தெளித்தால் நாலு வாரத்தில் வெள்ளை உப்புப் படியும். மழைத் தண்ணீர் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் ஆகாது. நான் கொடுத்தனுப்பிய செம்புச் சொம்பில் வைத்த தண்ணீரும் வேண்டாம். செம்பு நமக்கு நல்லதாக இருக்கலாம், பாசிக்கு விஷம். வெளிநாடுகளில் கூரையில் பாசி ஏறாமல் இருக்க உச்சியில் செம்புத் தகடு அடிப்பார்கள். உரம் எதுவும் போடாதே.

மோரில் அரைத்துப் பூசினால் சீக்கிரம் வளரும் என்று யாராவது சொல்வார்கள். நானும் கேட்டுச் செய்தேன். புரட்டாசியில் அரை டம்ளர் மோரில் ஒரு பிடி பாசியை அரைத்து இரண்டு செங்கல்லில் பூசி வைத்தேன். ஐந்தாம் நாள் கறுப்புப் பூஞ்சை, பத்தாம் நாள் நாற்றம். அந்த இரண்டு கல்லும் போய்விட்டன. வெறும் தண்ணீர் தெளித்து வைத்த மூன்றாவது கல்தான் இப்போது என் ஜன்னலில் பச்சையாக நிற்கிறது.

முதலில் இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே நடக்காது. துணுக்குகள் பழுப்பாகக்கூடத் தெரியும். பிறகு ஒரு நாள் செங்கல்மேல் பச்சைப் பஞ்சு நூல் பரவிய மாதிரி ஒரு படலம் வரும். அது பூஞ்சை இல்லை, துடைத்துவிடாதே. புரோட்டோனீமா என்று அதற்குப் பெயர், பாசியின் முதல் பருவம். நம் அப்பா பாவு நீட்டும்போது தெருவில் நூல் ஓடுமே, லென்ஸ் வைத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்த நூலில் முகை கட்டி, அதிலிருந்துதான் இலையுள்ள செடி எழும். இரண்டு மூன்று மாதத்தில் புள்ளி புள்ளியாகச் செடி தெரியும். மெத்தையாக ஒரு வருஷம் ஆகும். நீ நாலு நாள் லீவில் வந்தாலும், ஷிப்ட் மாறித் தெளிக்க மறந்தாலும் அது சாகாது. சுருண்டுகொண்டு காத்திருக்கும். ஒன்றே ஒன்று, தினமும் அரைகுறையாக நனைத்து உடனே காயவிடுவதைப் பாசி தாங்காது. ஒவ்வொரு முறை எழுவதற்கும் அதற்குச் செலவு உண்டு. நனைத்தால் சில மணி நேரமாவது ஈரமாக இருக்கட்டும், முடியாவிட்டால் காய்ந்தே கிடக்கட்டும்.

நீ இருக்கும் இடத்தை நினைத்தால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. காற்றில் வருவதையெல்லாம் இலையால் வாங்கிக்கொள்வதால், பாசியைப் பிடுங்கிச் சோதித்தால் அந்த இடத்துக் காற்றில் என்ன உலோகம் இருந்தது என்று தெரிந்துவிடும். ஐரோப்பாவில் 1990-இலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பல நாடுகள் சேர்ந்து இப்படிக் கணக்கெடுக்கின்றன. அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரில் வனத்துறை ஆய்வாளர்கள் மரங்களில் இருந்த பாசியை 346 மாதிரிகள் எடுத்துச் சோதித்தார்கள். கண்ணாடித் தொழிற்சாலை இருந்த பக்கம் காட்மியம் அதிகம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் காற்றை அளந்து பார்த்தார்கள். 2016-இல் அது வெளியே வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களில் பாசி நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிட்டு இப்படிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், செலவு மிகக் குறைவு. நீ கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பாசி பச்சையாக இருக்கிறது, காற்று சுத்தம் என்று எண்ணிவிடாதே. நம் மாடியில் இருக்கும் வெள்ளிப் பாசி புகை நிறைந்த நகரத்திலும் நன்றாகவே வளரும். உள்ளே இருப்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். நீ முகக்கவசம் போடாமல் பிளாண்டுக்குள் போகாதே, அதை மட்டும் அக்காவுக்காகச் செய்.

பொட்டலத்தில் மீதிப் பாதியை அப்படியே காகிதத்தில் வைத்திரு. பிளாஸ்டிக் கவரில் போட்டால் வியர்த்து அழுகும். செங்கல்லில் ஒரு வேளை வராமல் போனால் மறுபடி தூவ அது வேண்டும்.

தை 12-ஆம் தேதி காலையில் மேஸ்திரி ஆட்களோடு வருகிறார். கைப்பிடிச் சுவரில் இருப்பதை நானே எடுத்துவிட்டேன். உள்ளே, படிக்கல்லுக்குப் பக்கத்தில், தெற்குச் சுவரில்தான் நல்ல அடர்த்தி இருக்கிறது. அங்கே கயிறு பிடித்து இறங்க எனக்கு வராது. சின்ன வயதில் பந்து எடுக்க இறங்கி ஏறியவன் நீதான். போகிக்கு முதல் நாளே லீவு சொல்லிவிட்டு வந்துவிடு. ஐந்தாறு செங்கல்லைப் பாசியோடு, உளி வைத்து, உடையாமல் பெயர்த்துக் கொடு. கொய்யா மரத்தடியில் வைக்க இடம் ஒழித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா